படிக்காததால் போனதா அந்த வேலை?

தோட்டத்து மக்கள் ஏன் முன்னேறவில்லை? பேராக்கில் இந்தக் கேள்விக்கு எல்லாரிடமும் ஒரே பதில்தான்: படிக்கவில்லை. தீபாவளி விருந்துபசரிப்பில் அரசியல்வாதி சொல்கிறார். கோயில் திருவிழாவில் மாணவர்களுக்குப் பரிசு கொடுக்க வந்த தொழிலதிபர் சொல்கிறார். தன்முனைப்பு முகாமில் மைக்கைப் பிடித்தவர் சொல்கிறார். காலமெல்லாம் பால்மரம் வெட்டிய தாத்தாவும் பேரனிடம் அதையேதான் சொல்கிறார். இத்தனை வாய்கள் ஒத்துப்போகின்றன என்பதற்காக ஒரு கூற்று உண்மையாகிவிடாது. இது பாதி உண்மை. மீதிப் பாதி, தோட்டங்களை மூடியவர்களையும் பேராக்கை நலியவிட்டவர்களையும் விசாரணையே இல்லாமல் விடுவிக்கும் தீர்ப்பு.

அந்த வாதத்தை அதன் முழுப் பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். அதில் மூன்று படிகள் உண்டு. ஒன்று: சம்பளம் படிப்பைப் பொறுத்தது. மலேசியாவில் பட்டதாரியின் சம்பளம் எஸ்.பி.எம். மட்டும் முடித்தவரின் சம்பளத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டு: தொழில் நலியும்போது படித்தவர் வேறு வேலைக்குத் தாவிவிடுவார், படிக்காதவர் தெருவில் நிற்பார். மூன்று: ஆகவே தீர்வு படிப்புதான்; ஊர், முதலாளி, அரசு என்று பேசுவதெல்லாம் சாக்கு. இதற்குச் சாட்சியாக லயத்து வீட்டிலிருந்து போய் மருத்துவரானவர், வழக்கறிஞரானவர், தலைமையாசிரியரானவர் என்று ஒரு பட்டியல் வரும். பட்டியல் உண்மை. அவர்களின் உழைப்பும் உண்மை. ஆனால் அந்த உண்மைகளிலிருந்து எடுக்கப்படும் முடிவு நிற்காது. ஏன் என்பதற்கு ஏழு காரணங்கள்.

1. சம்பளத்தைப் படிப்பு தீர்மானிக்கிறது என்றால், தோட்டத்தில் மட்டும் அது ஏன் தீர்மானிக்கவில்லை?

ஆறாம் வகுப்பு முடித்தவரும் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவரும் ஒரே பிரட்டுக் களத்தில் விடியுமுன் பேர் கொடுத்தார்கள். ஒரே மாதிரி நிரையில் மரம் வெட்டினார்கள். பால் கொட்டகையில் தராசு அவரவர் பாலைத்தான் நிறுத்தது. யார் எத்தனை வகுப்பு என்று அது கேட்டதில்லை. கூலி எவ்வளவு என்பதை ரப்பர் விலையும், முதலாளிகள் சங்கத்தோடு தொழிற்சங்கம் போட்ட ஒப்பந்தமும் முடிவு செய்தன. அதற்கு மேல் ஏற வேண்டுமானால் இருந்த படிகள் கங்காணி, கிராணி என விரல்விட்டு எண்ணக்கூடியவை. நூறு குடும்பங்கள் வாழும் தோட்டத்துக்கு எத்தனை கிராணி வேண்டும்?

தொழிற்சங்கத்தின் பேரம் பேசும் பலமும் படிப்பு இல்லாததால் போனதல்ல. 1948 ஜூன் மாதம் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதே மாதம் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் வந்தது. சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ.கணபதி 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டார். தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் 1954இல் பிறந்தது, அந்த அச்சம் நிலைகொண்ட மண்ணில்தான். கூலியின் வரலாற்றை எழுத வந்தவர் இந்த ஆண்டுகளை விட்டுவிட்டு மதிப்பெண் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தால் அவர் எழுதுவது வரலாறு அல்ல.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அப்படி எழுந்தவைதான் பெரும்பாலான தோட்டப் பள்ளிகள். பல இடங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர். அடுத்த தலைமுறை மரம் வெட்டுபவரை உருவாக்க அது போதும் என்று கணக்குப் போட்டவர் தோட்டத்துக்காரர். படித்தாலும் அதே நிரை, படிக்காவிட்டாலும் அதே நிரை என்ற இடத்தில், பிள்ளையை ஒட்டுப்பால் பொறுக்கக் கூட்டிப்போன தாயை அறியாமை கொண்டவள் என்கிறோம். அவள் கண்முன் இருந்த கூலிமுறையைச் சரியாகவே படித்திருந்தாள். படிப்பு குறைந்ததால் கூலி குறைந்தது என்பவர்கள் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைக்கிறார்கள். கூலிமுறை படிப்புக்கு விலை கொடுக்கவில்லை. அதனால்தான் படிப்பு குறைந்தது.

2. வேலை போன நாளில் யாருடைய சான்றிதழையும் எவரும் கேட்கவில்லை.

பேராக்கில் பெருங்கூட்டமாக வேலை பறிபோன காலங்களை வரிசையாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, தோட்டத் துண்டாடல். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். இதைப் பற்றிப் பொருளியலாளர் உங்கு அசிஸ் தலைமையில் ஓர் ஆய்வே நடந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கப் புறப்பட்டதும் இதனால்தான். அன்றைக்கு ஆபத்து நில உடைமையில் இருக்கிறது என்பதை அவர் கண்டார். அங்கேயே மருந்து வைத்தார். இன்றைய மேடைப் பேச்சாளர்களைவிட அவருக்கு நோய் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இரண்டாவது, வேலை அனுமதி. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்ததும், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் தலைமுறையாகச் செய்த வேலையை இழந்தார்கள். பலர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அவர்களிடம் இல்லாமல் போன காகிதம் நீல அடையாள அட்டை. கேம்பிரிட்ஜ் சான்றிதழ் வைத்திருந்தாலும் அந்த நீல அட்டை இல்லாமல் தப்பியிருக்க முடியாது.

மூன்றாவது, ஈயம். இதை நம்மவர்கள் மறந்தே விடுகிறார்கள், சீனர்களின் கதை என்று நினைத்து. 1985 அக்டோபர் 24 அன்று, ஈய விலையைத் தாங்கிப்பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் தீர்ந்தது. லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நிறுத்தப்பட்டது. விலை பாதியாகச் சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் லம்பங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. கம்பாரிலும் கோப்பெங்கிலும் பத்து காஜாவிலும் வேலை இழந்த அந்தச் சீனத் தொழிலாளர்கள் செப்டம்பரில் எவ்வளவு படித்திருந்தார்களோ அவ்வளவே நவம்பரிலும் படித்திருந்தார்கள். மாறியது லண்டனில் இருந்த ஒரு கணக்குப் புத்தகம். ‘சீனர்கள் படித்தார்கள், தப்பித்தார்கள்’ என்று எளிதாகச் சொல்பவர்கள் அந்த ஆண்டுகளின் ஈப்போவை விளக்கட்டும்.

நான்காவது, ரப்பரிலிருந்து செம்பனைக்கும், செம்பனையிலிருந்து வீடமைப்புக்கும் நிலம் கைமாறியது. 1981 செப்டம்பரில் அரசு முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரி தோட்டக் கம்பெனியை வாங்கியது. தோட்டங்கள் தேசத்தின் கைக்கு வந்தன என்று நாடே கொண்டாடியது. அந்தத் தோட்டங்களில் இருந்தவர்களின் கைக்கு எதுவும் வரவில்லை. செம்பனைக்கு ரப்பர் அளவு ஆள் வேண்டாம். இருக்கிற வேலைக்கும் காண்ட்ராக்டர் மூலம் இந்தோனேசியத் தொழிலாளர்களும் பிறகு வங்காளதேசத்தவரும் வந்தார்கள். 1980க்கும் 2000க்கும் இடையில் நாடெங்கும் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் தோட்டங்களைவிட்டு வெளியேறினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்கள் இடத்தில் அமர்த்தப்பட்டவர்கள் அதிகம் படித்தவர்களா? குறைந்த கூலிக்குக் கிடைத்தவர்கள், கேள்வி கேட்டால் ஊருக்கு அனுப்பிவிடக்கூடியவர்கள். முதலாளி தேடியது படிப்பை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நான்கு முறை வேலை போயிற்று. நான்கிலும் காரணம் வேறு வேறு: நில விற்பனை, வேலை அனுமதிச் சட்டம், உலகச் சந்தை, பயிர் மாற்றம். ஒன்றில்கூடப் பள்ளிப் படிப்பு காரணமாக இல்லை. நான்குக்கும் சேர்த்து ஒரே விளக்கம் வைத்திருப்பவர் எந்த ஒன்றையும் விளக்கவில்லை.

3. படித்தவர் தாவிவிடுவார், மற்றவர் விழுவார் என்பது விழும் பள்ளத்தின் ஆழத்தை மறைக்கிறது.

நகரத்தில் வேலை போனால் சம்பளம் போகும். தோட்டத்தில் வேலை போனால் வீடு போகும், பிள்ளையின் பள்ளி போகும், ஆயாக் கொட்டகை போகும், கோயில் போகும், கடன் கொடுக்கும் கடைக்காரர் போவார். எல்லாம் ஒரே நோட்டீசில்.

இழப்பீடு எவ்வளவு? 1980ஆம் ஆண்டு வேலை நீக்க விதிகளின்படி ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி. 25 வருஷம் உழைத்தவருக்கு 500 நாள் கூலி. நாள் கூலி 20 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 10,000 வெள்ளி. அதே காலத்தில் அரசு நிர்ணயித்த மலிவு வீட்டின் விலை 25,000 வெள்ளி. ஒரு முழு வாழ்நாளின் இழப்பீடு, இழந்த கூரையின் பாதி விலைக்குக்கூட எட்டவில்லை. இந்தக் கணக்கைச் சரிசெய்ய எந்தப் பாடத்தில் எத்தனை ‘ஏ’ எடுத்திருக்க வேண்டும்?

வேலை இழப்பின் காயம் படிக்காதவருக்கு மட்டும் உரியது என்பதும் தவறு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1980களின் தொடக்கத்தில் ஆலைகள் நொடித்தபோது நீண்டகாலத் தொழிலாளர்களுக்கு என்ன ஆனது என்று ஜேக்கப்சன், லலோண்ட், சலிவன் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். வேலை போய் ஐந்தாறு ஆண்டுகள் கழித்தும் அவர்களின் வருமானம் பழைய நிலையைவிடச் சுமார் கால்பங்கு குறைவாகவே இருந்தது. அவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். ஒரே வேலையில் பல ஆண்டு சேர்த்த கைத்திறனுக்கு வெளியே விலை இல்லை, அதுதான் காயம். பட்டையின் தடிப்பை விரலால் அறிந்து, மரத்துக்கு வலிக்காமல் பால் எடுக்கத் தெரிந்தவருக்கு ஈப்போவின் புந்தோங்கில் என்ன வேலை? காவலாளி, துப்புரவு, லாரி உதவியாள். அவரைத் ‘திறனற்ற தொழிலாளி’ என்று பதிவேட்டில் எழுதினார்கள். திறன் இருந்தது. அதை வாங்க ஊரில் யாரும் இல்லை.

4. அதே ஆள், அதே சான்றிதழ், ஊர் மட்டும் வேறு, சம்பளமும் வேறு.

இதற்குப் படிப்பு வாதத்திடம் பதிலே கிடையாது. 2019ஆம் ஆண்டுப் புள்ளிவிவரத் துறைக் கணக்கில் மாதக் குடும்ப வருமானத்தின் இடைநிலை அளவு கோலாலம்பூரில் 10,549 வெள்ளி, சிலாங்கூரில் 8,210, நாடு முழுவதற்கும் 5,873. பேராக்கில் 4,273. சிலாங்கூரின் அளவில் பாதிக்குச் சற்றே மேல். பேராக்கியர்கள் சிலாங்கூர்க்காரர்களில் பாதிதான் படித்திருக்கிறார்களா? தஞ்சோங் மாலிமைத் தாண்டியதும் அறிவு கூடிவிடுகிறதா?

கோலாலம்பூரில் செலவு அதிகம் என்பார்கள். சரி. வாடகை அதிகம், சாப்பாடு அதிகம். ஆனால் மோட்டார் சைக்கிளின் விலை, பெட்ரோல் விலை, கைப்பேசிக் கட்டணம், பள்ளிப் புத்தகப் பை எல்லாம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். செலவு வித்தியாசம் அந்த இடைவெளியை முழுவதும் விழுங்குவதாக இருந்தால் ஈப்போ பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே போகமாட்டார்கள்.

தோட்டங்களையே ஒப்பிடலாம். சிலாங்கூரிலும் தோட்டங்கள் மூடப்பட்டன, பேராக்கிலும் மூடப்பட்டன. அதே மாதிரிப் பள்ளி, அதே கூலி ஒப்பந்தம், அதே இழப்பீட்டு விதி. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்ட வேலியைத் தாண்டினால் ஷா ஆலம், கிள்ளான், பூச்சோங் என்று தொழிற்சாலைகள் இருந்தன. பேராக்கில் வேலியைத் தாண்டினால் இன்னொரு தோட்டம், அல்லது மூடிய லம்பம். சிலாங்கூர் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கே வேலை கிடைத்தவர்கள் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 2001 மார்ச்சில் கம்போங் மேடான் இனக் கலவரத்தில் இரத்தம் சிந்தியது அந்த நெருக்கடியின் நடுவில்தான். ஆனாலும் வேலை தேடிய ஒருவருக்கு எதிரே எத்தனை கதவுகள் இருந்தன என்பதை அவரது வகுப்பு முடிவு செய்யவில்லை. வரைபடம் முடிவு செய்தது.

அரசே இதைச் சட்டமாக எழுதியும் வைத்தது. 2020 பிப்ரவரி முதல் மாநகர், நகராட்சி மன்ற எல்லைகளுக்குள் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 வெள்ளி. மற்ற இடங்களில் 1,100. ஈப்போ மாநகரம், ஆகவே 1,200. அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் பத்து காஜா மாவட்ட மன்றம், ஆகவே 1,100. ஒரே கம்பெனி, ஒரே இயந்திரம், ஒரே எஸ்.பி.எம். சான்றிதழ்; எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நூறு வெள்ளி குறைவு. 2022 மே மாதம் 1,500 என்று ஒன்றாக்கும்வரை இது நாட்டின் சட்டம். ஊர் ஒரு பொருட்டே இல்லை என்று பேசுபவர்கள் அந்த இரண்டு ஆண்டுகள் எங்கே இருந்தார்கள்?

இது நமக்கு மட்டும் வந்த விதியும் அல்ல. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த பொருளியலாளர் என்ரிக்கோ மொரெட்டி, செழிக்கும் நகரங்களில் உயர்நிலைப் பள்ளியோடு நின்றவர், நலிந்த நகரங்களின் பட்டதாரியைவிட அதிகம் சம்பாதிப்பதைக் காட்டியிருக்கிறார்.

5. பேராக்கில் படிப்புக்கா பஞ்சம்?

நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969இல் ஈப்போவில்தான் தொடங்கியது. சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1922இலிருந்து தஞ்சோங் மாலிமில் இருக்கிறது, 1997இல் பல்கலைக்கழகமானது. ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம். கம்பாரில் 2007 முதல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம். ஈய லம்பங்கள் மூடியபின் தூங்கிக்கிடந்த கம்பாரில் இன்று மாணவர் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் வரிசையாக நிற்கின்றன.

பட்டங்கள் இங்கே விளைகின்றன. அவற்றுக்குக் கூலி கொடுக்கும் வேலைகள் இங்கே முளைக்கவில்லை. பட்டமளிப்பு முடிந்ததும் பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு மின்ரயில் 2010இல் வந்தபோது ஊருக்கு வேலை வரும் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆட்கள் போவதற்குத்தான் வசதியாயிற்று. 1957 மக்கள் கணக்கெடுப்பில் மலாயாவிலேயே அதிக மக்கள் வாழ்ந்த மாநிலம் பேராக். இன்று முதியோர் விகிதம் மிக அதிகமான மாநிலம் என்பதே அதன் அடையாளம். படிப்பு வேலையை இழுத்து வரும் என்றால், கல்விக்கூடங்கள் நிறைந்த பேராக் இப்படி ஆகியிருக்கக் கூடாது.

நாடு முழுவதும் பார்த்தாலும் இதே கதை. உயர்கல்வி பெற்று வேலை செய்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தங்கள் தகுதிக்குக் குறைந்த வேலையில் இருப்பதாகப் புள்ளிவிவரத் துறையே தொடர்ந்து சொல்லி வருகிறது. உணவு விநியோக மோட்டாரில் போகும் பட்டதாரியிடம் ‘நன்றாகப் படித்திருக்கலாமே’ என்று சொல்வீர்களா?

6. ஒருவர் ஏறினார் என்பது எல்லாரும் ஏறலாம் என்பதற்குச் சான்றாகாது.

இனி அந்தச் சாதனையாளர் பட்டியலுக்கு வருவோம். தோட்டத்துப் பிள்ளை மருத்துவரானால் அந்தக் குடும்பம் தப்பியது. தோட்டத்தின் கூலி ஒரு காசு ஏறவில்லை. அவர் விட்டுப்போன நிரையில் வேறொருவர் நின்றார், அதே கூலிக்கு. அன்னதானப் பந்திக்கு முந்தச் சொல்லிக்கொடுப்பது வேறு, போடும் இலைகளைக் கூட்டுவது வேறு. முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாகச் சொல்கிறது இந்த வாதம். எல்லாரும் பட்டதாரியானாலும் மருத்துவமனையைக் கூட்ட ஒருவர் வேண்டும், செம்பனைக் குலையை வெட்ட ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு வாழத்தக்க கூலி உண்டா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைப் படிப்பால் தாண்டிப் போகலாம், தீர்க்க முடியாது.

பட்டம் எல்லார் கையிலும் ஒரே எடை என்பதும் கற்பனை. லீ ஹுவோக் ஆன், முகமட் அப்துல் காலிட் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இணையான தகுதிகள் கொண்ட கற்பனை விண்ணப்பங்களை மலாய்ப் பெயர்களிலும் சீனப் பெயர்களிலும் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நேர்காணலுக்கு வந்த அழைப்புகளில் சீனப் பெயர்கள் வெகுவாக முந்தின. அதில் இந்தியப் பெயர்கள் சோதிக்கப்படவில்லை. ஆனால் சான்றிதழுக்கு முன் பெயர் படிக்கப்படுகிறது என்பதை அது நிறுவிவிட்டது. மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு என்ற ஒதுக்கீட்டை 2019இலும் அமைச்சரவை உறுதி செய்தது. ‘படி’ என்று மட்டும் சொல்பவர்கள், படிப்புக்குள் நுழையும் வாசலும் படிப்பிலிருந்து வெளியேறும் வாசலும் எவ்வளவு அகலம் என்று சொல்வதில்லை.

7. சம்பளம் ஏறியபோதெல்லாம் ஏற்றியது எது?

2013 ஜனவரியில் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று சட்டம் வந்தது. 2016இல் 1,000. 2019இல் 1,100. 2022இல் 1,500. 2025 பிப்ரவரியில் 1,700. விலைவாசி தின்றதைக் கழித்தாலும் அடிமட்டத் தொழிலாளியின் கையில் கூடுதலாக நின்றது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. கூட்டங்கள், மறியல்கள், கையெழுத்து இயக்கங்கள், தேர்தல்கள் நடந்தன. மூன்று தலைமுறைத் தன்முனைப்புப் பேச்சு கொடுக்காத ஏற்றத்தை அரசிதழின் ஒரு பக்கம் கொடுத்தது.

வேலை இழப்பிலும் அப்படியே. 2018 ஜனவரியில் வேலைக் காப்புறுதித் திட்டம் சொக்சோவின் கீழ் வந்தது. முதலாளியும் தொழிலாளியும் சம்பளத்தில் ஆளுக்கு 0.2 விழுக்காடு கட்ட வேண்டும். வேலை போனால் முதல் மாதம் பழைய சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு படிப்படியாக 30 வரை, ஆறு மாதத்துக்குக் கிடைக்கும். இரண்டாண்டு கழித்து கோவிட் வந்தபோது இதன் அருமை தெரிந்தது. இதே திட்டம் 1985இல் இருந்திருந்தால் கிந்தாவின் லம்பத் தொழிலாளிக்கும், 1990களில் இருந்திருந்தால் தோட்டத்தைவிட்டுக் கிளம்பிய குடும்பத்துக்கும் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கும். அன்றைக்கு அந்த 0.2 விழுக்காட்டைக் கட்டச் சொல்ல ஆள் இல்லை. புத்திமதி சொல்லத்தான் ஆள் இருந்தது.

அப்படியானால் படிக்க வேண்டாம் என்கிறாயா என்று ஒரு கேள்வி வரும். இந்தத் தலைப்பில் வாயைத் திறந்தாலே வருவது அது. படிக்கத்தான் வேண்டும். கூலிக்காக மட்டுமல்ல, ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்திடவும், நோட்டீசுக்குப் பதில் எழுதவும், ஏமாறாமல் இருக்கவும். பேராக்கின் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பள்ளிகளின் கதையே என் வாதத்துக்குச் சாட்சி. தனியார் தோட்ட நிலத்தில் நின்றதால் பல பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே வைக்கப்பட்டன. முழு உதவி பெற்ற பள்ளிக்குக் கிடைத்த கட்டடமும் வசதியும் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. தோட்டம் காலியானதும் மாணவர் எண்ணிக்கை சரிந்தது. பிள்ளைக்கு எப்படிப்பட்ட பள்ளி கிடைக்கும் என்பதையும் நிலமும் ஊருமே முடிவு செய்தன. படிப்பை எல்லாவற்றுக்கும் மூலகாரணம் என்பவர்கள் படிப்புக்கே ஒரு காரணம் இருந்ததைப் பார்க்க மறுக்கிறார்கள்.

இந்தக் கருத்தை நம்புவதால் வரும் விளைவு லேசானதல்ல. வேலை இழந்தவர் தன்னையே குற்றவாளியாக நினைக்கிறார். நினைப்பவர் இழப்பீடு கேட்கமாட்டார், சங்கத்தில் சேரமாட்டார். சமூகத்தின் பணமும் நேரமும் ஊக்கவுரைக்கும் டியூஷனுக்கும் போகின்றன. காண்ட்ராக்டரின் கீழ் இ.பி.எஃப். கட்டாமல் வேலை வாங்கப்படும் தோட்டத் தொழிலாளியைப் பற்றிப் பேசக் கூட்டம் சேர்வதில்லை. மாநில அரசு தொழில் கொண்டுவராததற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகள்தான் படிக்கவில்லையே. தோட்டக் கம்பெனி வீட்டுமனை கொடுக்காததற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோர்தான் அக்கறை காட்டவில்லையே. எல்லாருக்கும் வசதியான ஒரு விளக்கம், பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் வசதியாக இல்லை.

ஆகவே மேடையில் ஏறுபவர்களிடம் ஒரு சவால். படிப்பு ஒன்றே சம்பளத்தையும் வேலையையும் தீர்மானிக்கிறது என்று இனியும் சொல்ல விரும்பினால், மூன்றே கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுகள் பத்து காஜாத் தொழிலாளி ஈப்போத் தொழிலாளியைவிட நூறு வெள்ளி குறைவாக வாங்கியது எந்தப் பாடத்தில் தவறியதால்? 1985 அக்டோபரில் கிந்தாவின் லம்பத் தொழிலாளி எந்தப் பரீட்சையில் தோற்றார்? 25 ஆண்டு உழைத்தவருக்குப் பாதி வீடுகூட வாங்க முடியாத இழப்பீட்டை எந்தப் பல்கலைக்கழகம் நிர்ணயித்தது? பதில் இல்லையென்றால் பேச்சை மாற்றுங்கள். தோட்டத் தொழிலாளிக்கு நேரடி வேலை ஒப்பந்தம், மூடும் தோட்டத்தில் வீட்டுமனை, ஆண்டுக்கு 20 நாள் என்று 1980இல் உறைந்துபோன இழப்பீட்டு விதிக்குத் திருத்தம், பேராக்கில் படித்தவருக்குப் பேராக்கிலேயே தகுதிக்கேற்ற சம்பளம். இவற்றைக் கேட்பவர் யாராக இருந்தாலும், அதன் பிறகு பிள்ளைகளைப் பார்த்துப் ‘படி’ என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு.